பதினெட்டாம் குழியின் கொடி

ஜூலை 14, ஞாயிறு. கொல்கத்தா

இரண்டாம் இடம்.

பதினேழு வருடத் தொழில்முறை கோல்ஃபில் இது எனக்கு ஐந்தாவது இரண்டாம் இடம். முதல் இடம் எத்தனை என்று யாரும் கேட்க வேண்டாம். போன மாதம் எங்கள் போட்டிகளை நடத்தும் டூர்க்காரர்கள் ஒரு மனநல ஆலோசகரை அழைத்து வந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார்கள். தோற்ற அன்று மனதில் இருப்பதை நோட்டில் எழுதி இறக்கி வைத்துவிட வேண்டுமாம். எழுதினால் இறங்கிவிடும் என்றால் நான் இந்நேரம் பத்து வால்யூம் எழுதியிருப்பேன். இருந்தாலும் சைதாப்பேட்டை மருந்துக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பெட்டியில் கிடந்தது. முதல் ஆறு மாதம் வெள்ளைத்தாள். இங்கிருந்து தொடங்குகிறேன்.

கடைசிக் குழி. ஆறடி தூரம். உருட்டி உள்ளே போட்டால் சமநிலை, கூடுதல் ஆட்டம் கிடைக்கும். ஏழுமலை தரையைக் குனிந்து பார்த்து, எழுந்து பார்த்து, எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, லெஃப்ட்ல ஒரு பந்து வெளிய. தைரியமா உடுங்க" என்றான். விட்டேன். இடப்பக்கம் தள்ளி விட்டால் சாய்வில் வலப்பக்கம் திரும்பி உள்ளே விழ வேண்டும். பந்து திரும்பவே இல்லை. குழியின் இடது விளிம்பைத் தடவிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

ஏழுமலை என் கேடி. கேடி என்றால் பை தூக்குகிறவன் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். பை பாதி வேலை. எத்தனை கெஜம், எந்த மட்டை, காற்று எந்தப் பக்கம், தரை எங்கே சாய்கிறது என்றெல்லாம் ஆடுகிறவன் களத்தில் வாய்விட்டுக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவனுடைய கேடிதான். வேறு யாரைக் கேட்டாலும் தண்டனை. பதினோரு வருடமாக என் பை ஏழுமலையின் தோளில். என் மனைவி குமுதாவின் தம்பி வேறு. ஆகவே தோற்றால் வாய்நிறையத் திட்டவும் முடியாது.

ஜெயித்தவனின் கேடி, பதினெட்டாம் குழியின் கொடியைக் கம்பிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். கோப்பை ஆட்டக்காரனுக்கு, கொடி கேடிக்கு. ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஏழுமலை, "அடுத்த தபா கொடி நம்மள்து மாமா" என்றான். பதினோரு வருடமாக இதையே சொல்கிறான். இன்று கேட்க எரிச்சலாக இருந்தது.

ஜூலை 16, செவ்வாய். வீடு

ரேங்க் அறுபத்தொன்று. டிசம்பரில் சீசன் முடியும்போது முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருடக் கார்டு. கார்டு இருந்தால் எல்லாப் போட்டிக்கும் நேரே போகலாம். இல்லாவிட்டால் இருபது வயதுப் பையன்களோடு தகுதிச் சுற்றில் முட்டி மோத வேண்டும். எனக்கு நாற்பத்து மூன்று. இடது முழங்கால் மாடிப்படிக்கே முனகுகிறது. பன்னிரண்டு வயதில் பை தூக்க வந்தவன் நான். இதைத் தவிர வேறு வேலை தெரியாது.

தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய் நான்கு குடம் பிடித்து வந்தேன். "கொல்கத்தால என்னாச்சு?" என்று குமுதா கேட்டாள். "உன் தம்பி லைனத் தப்பா சொல்லிட்டான்" என்றேன். அவள் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 21, ஞாயிறு

சண்டிகரிலிருந்து போன். கிரேவால் என்கிற தொழிலதிபர். அவர் மகன் கரம்வீரும் எங்கள் டூரில்தான் ஆடுகிறான். இருபத்திரண்டு வயது. பந்தை முந்நூறு கெஜம் அடிப்பான், குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தடவுவான். தரை படிக்கத் தெரிந்த கேடி வேண்டுமாம். ஏழுமலையைவிடக் கெட்டிக்காரன் நாட்டில் இல்லை என்று நாலு பேர் சொன்னார்களாம். பதிலுக்கு அவர்களுடைய கேடி ராம்ஸ்வரூப் எனக்கு வருவார். லக்னோக்காரர், கெஜக் கணக்கில் புலி. கம்பெனிப் பெயரை என் பையில் ஒட்டிக்கொண்டால் புது மட்டை செட் ஒன்றும் உண்டு. சீசன் நடுவில் ஆள் மாற்றிக்கொள்வது வெளிநாட்டு ஆட்டங்களில் சர்வசாதாரணம் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேட்டவுடன் சரி என்பது மரியாதையாக இருக்காதல்லவா.

ஜூலை 23, செவ்வாய்

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 24, புதன்

ஏழுமலையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மதியமே கிரேவாலின் மேனேஜர் அவனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு வேலை மிச்சம்.

சாயங்காலம் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என்ன மாத்திட்டீங்களாமே மாமா."

"இந்த சீசன் மட்டும்தான்டா. உனக்கும் நல்லதுதான். ஜெயிக்கிற பையன்."

"நல்லதுதான், யாரு இல்லன்னாங்க? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எவனோ போன் பண்ணி எக்ஸ்சேஞ்ச்னு சொல்றான். நான் இன்னா, பழைய மிக்ஸியா?"

அவன் என் மட்டைகளைத் துடைக்கும் துண்டை மடித்துக் கொண்டுவந்திருந்தான். துவைத்திருந்தான். அதை என் கையில் கொடுத்துவிட்டு, "புது ஆளாண்ட ஒண்ணு சொல்லி வைங்க. பயம் வந்துட்டா நீங்க ஏழாம் நம்பர எடுப்பீங்க. பிடுங்கி எட்ட குடுக்கணும். இல்லாட்டி பந்து அந்தாண்ட போய் விழும்" என்றான்.

ஏழாம் நம்பர் மட்டை எட்டைவிடப் பன்னிரண்டு கெஜம் அதிகமாகப் போகும். பயந்தவனுக்கு எல்லாத் தூரமும் தூரமாகத்தான் தெரியும். இதை நான் ராம்ஸ்வரூப்பிடம் சொல்லப் போவதில்லை.

குமுதா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. அகமதாபாத்

முப்பத்தோராம் இடம். ராம்ஸ்வரூப் தங்கமான மனிதர். ஒவ்வொரு மரத்திலிருந்தும் எத்தனை கெஜம் என்று கையால் படம் போட்ட நோட்டு வைத்திருக்கிறார். கேட்டால் எண்ணைச் சொல்கிறார். கேட்காவிட்டால் சொல்வதில்லை. என் இந்தி ரயில்வே இந்தி. டீ வாங்கலாம், காற்றைப் பற்றி விவாதம் பண்ண முடியாது.

கரம்வீர் ஆறாம் இடம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி. ஜாம்ஷெட்பூர்

'கட்'டில் வெளியே போய்விட்டேன். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாதியில் நான்.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடியும்.

பதினான்காம் குழியில் நூற்று நாற்பத்தெட்டு கெஜம். ராம்ஸ்வரூப் சரியாகத்தான் சொன்னார். நான் ஏழாம் நம்பரை உருவினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர்கள் அடுத்தவன் கையிலிருந்து மட்டையைப் பிடுங்குவதில்லை போலிருக்கிறது. பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனைத் தாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய கத்தரித் தோட்டத்தில் விழுந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

கரம்வீர் மூன்றாம் இடம். டிவியில் பார்த்தேன். கடைசிக் குழியில் ஏழுமலை குனிந்து பார்த்து, எழுந்து பார்த்து, எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்து, அந்தப் பையனின் காதில் என்னவோ சொன்னான். பையன் சிரித்தான். என்ன மொழியில் சொல்லியிருப்பான்?

என் ரேங்க் அறுபத்தெட்டு.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஏழுமலை வந்தான். கையில் சண்டிகர் இனிப்பு டப்பா. அக்காவிடம் ஒரு மணி நேரம் பேச்சு. ஃப்ளைட்டில் ஜன்னல் சீட், ஓட்டலில் தனி ரூம், ரொட்டி தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. பையன் அவனை 'ஏழு பாஜி', அதாவது ஏழு அண்ணா, என்று கூப்பிடுகிறானாம். குமுதா மூன்று மாதத்திற்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அது நேற்றைய பேப்பர் என்பது பாதியில்தான் தெரிந்தது.

போகும்போது, "முட்டி எப்படி கீது மாமா?" என்று கேட்டான். "பரவால்ல" என்றேன். இவ்வளவுதான் நாங்கள் பேசியது.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. பயிற்சி இல்லை. கொல்கத்தா ஆட்டத்தின் வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். கடைசி ஆறடியை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஏழுமலை சொன்ன கோடு சரிதான். நான்தான் மணிக்கட்டை மடக்கிப் பந்தை இடப்பக்கம் இழுத்திருக்கிறேன். கண் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

ஏழுமலைக்கு அன்றே தெரிந்திருக்கும். நான் நாலு பேரிடம் அவனைக் குறை சொன்னபோதெல்லாம் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

குமுதாவிடம் இதைச் சொல்ல வேண்டும். நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

நவம்பர் 30, சனி. ஜெய்ப்பூர்

சீசனின் கடைசிப் போட்டி. எழுபத்தோராம் ரேங்கில் வந்து இறங்கினேன். இதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் கார்டு. ராம்ஸ்வரூப் காலண்டர் சாமியைக் கும்பிடுகிறார். நான் யாரையும் கும்பிடவில்லை, ஆனால் மூன்று நாளாகப் பந்து சொன்னபடி கேட்கிறது. மூன்றாம் சுற்று முடிவில் முன்னணியில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் கரம்வீர்.

நாளை கடைசி ஜோடி நாங்கள். அப்படியென்றால் ஏழுமலையும் ஐந்து மணி நேரம் என்னோடு நடப்பான், அவன் பையோடு.

டிசம்பர் 1, ஞாயிறு. ஜெய்ப்பூர்

ஒன்பதாம் இடம். ரேங்க் அறுபத்தாறு. கார்டு போய்விட்டது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். கோல்ஃபில் குறைவாக அடித்தவன் ஜெயிப்பான். பதினேழு குழி முடிந்தபோது நானும் கரம்வீரும் களத்துக்கு வகுத்த கணக்கைவிடப் பத்துக் குறைவு. எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆடி முடித்த குடகுக்காரர் குஷாலப்பாவும் பத்துக் குறைவு. கடைசிக் குழியில் என் பந்தும் கரம்வீரின் பந்தும் நாலடி இடைவெளியில் கிடந்தன. ராம்ஸ்வரூப் பின்னால் பெயர்ந்த புல்லைச் சரிசெய்துகொண்டிருந்தார். காற்று முகத்தில் அடித்து நின்றது, மறுபடி அடித்தது. நான் கொடியையே பார்த்துக்கொண்டு, திரும்பாமல், "ஏழா எட்டா?" என்று கேட்டேன்.

"எட்டு போதும் மாமா, காத்து மேலதான் கீது" என்று பதில் வந்தது.

திரும்பினால் ஏழுமலை. தோளில் கரம்வீரின் பை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

வேறொருவனின் கேடியிடம் ஆலோசனை கேட்டால் கேட்டவன் கணக்கில் இரண்டு அடி கூட்டுவார்கள், அதுதான் தண்டனை. கேடி பதில் சொன்னால் அவனுடைய ஆட்டக்காரனுக்கும் இரண்டு. கேடி செய்தது எல்லாம் ஆட்டக்காரன் தலையில்தான் விழும். பழக்க தோஷம், வேறென்ன? அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. நான் ஏழாம் நம்பரை எடுத்தேன். பந்து கிரீனைத் தாண்டியது. எப்படியோ சமாளித்து, அந்தக் குழிக்கு வகுத்த நான்கிலேயே முடித்தேன். கரம்வீர் பதினைந்தடியிலிருந்து உருட்டிப் போட்டு மூன்றில் முடித்தான்.

எண்ணிக்கை எழுதும் ஸ்கோர் கார்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஆடினவனுடையது ஒன்று, கூடவே நடந்து அவன் எண்ணிக்கையை எழுதினவனுடையது ஒன்று. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கார்டு செல்லாது. போட்ட பிறகு திருத்தவும் முடியாது. கையெழுத்துப் போடும் முன் நானே நடுவரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் கரம்வீர் முதல், நானும் குஷாலப்பாவும் இரண்டாம் இடம், கார்டும் தப்பியிருக்கும். எனக்கு இரண்டு அடி, கரம்வீருக்கு இரண்டு அடி. குஷாலப்பா ஜெயித்தார். ஷூவைக் கூட மாற்றிக்கொண்டு காரில் ஏறியிருந்தவரைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

நான் வெளியே வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பதினேழு வருடத்தில் எனக்கு இப்படி யாரும் கைதட்டியதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய். வீடு

மூன்று பேப்பரில் வந்திருக்கிறது. ஒன்றில் 'கார்டை இழந்தார், கௌரவத்தை இழக்கவில்லை' என்று தலைப்பு. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். என் சட்டைக்குக் காசு வேண்டாம் என்கிறார்.

ஏழுமலையை கிரேவால் அன்றைக்கே கார் நிறுத்தும் இடத்தில் வைத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டாராம். எதிராளிக்கு மட்டை சொல்லிக் கொடுக்கிற கேடி என்று டூர் முழுக்கப் பேச்சு. இனி எவனும் அவனிடம் பையைக் கொடுக்கமாட்டான். முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே ஊருக்கு வந்திருக்கிறான்.

டிசம்பர் 6, வெள்ளி

குமுதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நாலாவது முறையாக இருக்கலாம்.

"நானும் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள்.

"எத?"

"போன்ல. ஸ்கோர் ஓடிட்டே இருக்குமில்ல. கரம்வீர் பதினொண்ணுன்னு வந்துச்சு, பக்கத்துல வின்னர்னும் போட்டாங்க. தம்பிக்கு மொத கொடின்னு சாமிக்கு வெளக்கேத்திட்டு வந்தேன். அப்புறமும் அப்படியேதான் இருந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சுதான் மாறுச்சு."

"நடுவர் முடிவு பண்ண நேரமாகும்."

"ஆகும்" என்றாள். அரிசியை உலையில் போட்டாள்.

டிசம்பர் 16, திங்கள்

டூரிலிருந்து கடிதம். ரேங்க் இல்லாவிட்டாலும், ஆட்டத்தின் மாண்பைக் காத்ததற்காக, அடுத்த சீசன் முழுவதற்கும் எனக்குச் சிறப்பு அனுமதி. அதாவது கார்டு. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இம்மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

கூரியரில் ஒரு பொட்டலம். குஷாலப்பா அனுப்பியிருக்கிறார். உள்ளே அந்தக் கொடி. மஞ்சள் துணி, கறுப்பில் பதினெட்டு என்று எண். 'இது என்னிடம் இருப்பது நியாயமில்லை, உங்களைச் சேர வேண்டியது' என்று ஒரு சீட்டு. அவருடைய கேடியும் சரி என்றானாம். நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்கள் செய்கிற காரியம் சில சமயம் தாங்க முடிவதில்லை.

குமுதா கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் மடிப்புத் தடம் இருந்தது.

"இத தம்பி இடுப்புல சொருகியிருந்தானாம். நடுவர் கேட்டதும் அவனே எடுத்து, நாலா மடிச்சுக் குடுத்தானாமே?"

"ஆமா."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அங்கேதான் இருந்தேன். மூன்றடி தள்ளி.

டிசம்பர் 21, சனி

கொடியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். கேடிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும் மரப் பெஞ்சில் ஏழுமலை இருந்தான். டோக்கன் எண் இருபத்தாறு. வார இறுதியில் ஆட வரும் மெம்பர்களுக்குப் பை தூக்குகிறான். பதினோரு வருடத்துக்கு முன் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனதும் இதே பெஞ்சிலிருந்துதான்.

கொடியை நீட்டினேன். பார்த்தான், வாங்கவில்லை.

"உன்னுதுடா."

"ஜெயிச்ச கேடிக்குத்தான் கொடி. நான் ஜெயிக்கல."

"பழக்கத்துல கேட்டுட்டேன் ஏழுமல. நீயும் பழக்கத்துல சொல்லிட்ட. அதுக்குப் போய் உன்னத் தொரத்திட்டான் அந்தாளு."

அவன் டோக்கனை விரல்களுக்குள் உருட்டினான்.

"நீங்க கேட்டது பழக்கத்துல மாமா. நான் சொன்னது பழக்கத்துல இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"உங்க கை ஏழு மேல இருந்துச்சு. ஏழுல போனா போச்சு. இன்னிக்கி விட்டா கார்டு இல்ல. அக்கா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன், எட்டுனு. எவனுக்கும் தெரியாதுல்ல. நீங்க எட்ட எடுத்து அடிச்சிட்டு ஜெயிச்சிருந்தா நான் வாயே தொறந்திருக்கமாட்டேன். அந்தப் பையனுக்கு துரோகம்தான். பண்ணேன்."

"அப்ப நான் சொன்னது..."

"நீங்க சொன்னது சரி. தப்பு தப்புதான். ஆனா அப்பவே கையத் தூக்கிச் சொல்லியிருந்தா நானும் ஆமாம்னு சொல்லியிருப்பேன். அந்தப் பையனும் தெரிஞ்சு ஆடியிருப்பான். அவன் பந்து உள்ள போற வரிக்கும், நான் கொடிய அவுக்கிற வரிக்கும் நின்னு பாத்தீங்க."

இருபத்தாறு என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய் ஒரு குண்டு மெம்பரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். போகும்போது திரும்பி, "முட்டிக்கு எண்ண தடவுறீங்களா?" என்று கேட்டான்.

கொடியோடு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 30, திங்கள்

இந்த நோட்டில் டிசம்பர் முதல் தேதி எழுதியதில் விட்டுப்போனதை இன்று எழுதுகிறேன்.

கரம்வீரின் பந்து உருண்டபோது, போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது போகாமல் இருந்திருந்தால் மூன்று பேரும் சமம், கூடுதல் ஆட்டம். அப்போது நான் நடுவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். எட்டை எடுத்து ஜெயித்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இது எனக்கு அன்றே தெரியும்.

பந்து உள்ளே போயிற்று. பையன் ஏழுமலையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கீழே இறக்கியதும் ஏழுமலை நேரே கம்பிடம் போய்க் கொடியை அவிழ்த்தான். அழுதான். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, கொடியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். 'பார்த்தீர்களா மாமா' என்று. அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் காட்டினான்.

அவன் எனக்குக் கீழேயே இருக்க வேண்டும், என்னோடேயே தோற்க வேண்டும் என்று நான் பதினோரு வருடமாக நினைத்திருக்கிறேன். அந்த நிமிடம்தான் அது எனக்குத் தெரிந்தது. கரம்வீரின் அப்பா ஏழுமலைக்கு மாலை போட்டார். போட்டோ எடுத்தார்கள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்கோர் கார்டு கொடுக்கும் கூடாரத்துக்குள் போய் நடுவரிடம் சொன்னேன். சொன்னால் என் கார்டும் போகும் என்பது அப்போது நினைவிலேயே இல்லை. அந்தக் கொடி அவன் இடுப்பில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்குப் பேர்தான் பேப்பரில் கௌரவம்.

இன்னொன்றும் உண்டு. சம்மதப் படிவத்தைக் கடிதம் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இந்த நோட்டில் அதை எழுதாமல் கேஸ், எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறேன். படிவம் போய்ச் சேர்ந்தது என்று இன்று காலைதான் பதில் வந்தது. அது வந்த பிறகுதான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவையும் பந்து உள்ளே போன பிறகுதான்.

இதுதான் என் உண்மையான எண்ணிக்கை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

தணிகாசலம்.

பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பதினாறு வருடமாகக் கூடவே நடந்து எண்ணியவள் ஒருத்தி இருக்கிறாள். நோட்டைத் திறந்தபடி அடுப்படி மேடையில், பேனாவோடு வைக்கப் போகிறேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

குமுதா படித்தாள். நின்றுகொண்டே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தாள். பால் பொங்கி வழிந்தது, அணைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். முடித்ததும் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். கொடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிற கார்டு செல்லாது.